கண்காணிப்பு சர்வருக்கு லாக் ஷிப்பிங் போட்டால் பேரிடர் மீட்பு முடிந்துவிடுமா?

வேலூர் சத்துவாச்சாரியில் தலைமை அலுவலகமும், ராணிப்பேட்டை சிப்காட்டில் தொழிற்சாலையும் உள்ள ஒரு நிறுவனத்தில் ஐடி பார்ப்பவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் சர்வர், சுவிட்ச், யுபிஎஸ் எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்டம் சென்டர் ஆபரேஷன்ஸ் மேனேஜர் வைத்துக் கண்காணிக்கிறோம். அதன் டேட்டாபேஸ் சத்துவாச்சாரியில் எஸ்க்யூஎல் சர்வரில் இருக்கிறது. ராணிப்பேட்டையில் ஒரு சர்வர் சும்மா கிடக்கிறது. அதற்கு லாக் ஷிப்பிங் போட்டுவிட்டால் பேரிடர் மீட்பு வேலை முடிந்தது என்கிறார் மேலாளர். அது போதுமா, இல்லை கிளஸ்டர் வாங்கியே ஆக வேண்டுமா?"

மேலோட்டமாகப் பார்த்தால் இது லாக் ஷிப்பிங் பற்றிய கேள்வி. உண்மையில் அவருக்குத் தெரிய வேண்டியது, சத்துவாச்சாரி சர்வர் அறை ஒருநாள் போய்விட்டால் எவ்வளவு நேரத்தில் கண்காணிப்பு மறுபடி ஓடும், அதற்குள் எவ்வளவு தகவல் தொலைந்திருக்கும் என்பதுதான். லாக் ஷிப்பிங் என்பது டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களின் பதிவை (லாக்) அவ்வப்போது இன்னொரு சர்வருக்கு அனுப்பி அங்கே ஒரு நகலை வைத்திருப்பது. தகவலைக் காப்பாற்ற அது போதும். இந்த வேலைக்காக மட்டும் கிளஸ்டர் (ஒன்று விழுந்தால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும் சர்வர் குழு) வாங்கத் தேவையில்லை. ஆனால் டேட்டாபேஸ் ராணிப்பேட்டையில் பத்திரமாக இருப்பதும் கண்காணிப்பு ராணிப்பேட்டையிலிருந்து ஓடுவதும் ஒன்றில்லை. நடுவில் நிறைய வேலை இருக்கிறது. அந்த வேலையை முன்கூட்டியே செய்து, எழுதி, ஓட்டிப் பார்க்காத இடங்களில் லாக் ஷிப்பிங் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டே இருக்கும், தேவைப்படும் நாளில் யாருக்கும் பயன்படாது.

வேலூர், ஆற்காடு, ஆம்பூர் பக்கம் தொழிற்சாலைகள், மருத்துவமனைகள், கல்லூரிகள் என்று பல இடங்களில் பல வருடமாக டேட்டாபேஸ் வேலை பார்த்து வருகிறேன். எஸ்க்யூஎல் சர்வர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி நான் இங்கே சொல்பவற்றை நம்பி வேலை செய்யலாம். உங்கள் லைன் தாங்குமா, உங்கள் நிறுவனத்துக்கு எவ்வளவு இழப்பு சம்மதம் என்பதையெல்லாம் இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொன்னால் அது ஊகம்தான். அப்படிப்பட்ட இடங்களில் எதை அளந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். முதன்மை சர்வரில், அதாவது சத்துவாச்சாரியில், ஒரு ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) லாக் பேக்கப் எடுத்து ஒரு ஷேர் ஃபோல்டரில் போடும். ராணிப்பேட்டை சர்வரில் ஓடும் இரண்டாவது ஜாப் அந்த ஃபைலை இழுத்துக்கொள்ளும். அங்கேயே ஓடும் மூன்றாவது ஜாப் அதை ரீஸ்டோர் செய்யும். மூன்றுக்கும் மாற்றாமல் விட்டால் வரும் இடைவெளி 15 நிமிடம். அவ்வளவுதான், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எளிமைதான் இதன் பெரிய பலம். எது நின்றாலும் எந்த ஃபைலில் நின்றது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். முதன்மை சர்வர் எரிந்தே போனாலும், ராணிப்பேட்டைக்கு வந்து சேர்ந்த கடைசி ஃபைல் வரைக்கும் தகவல் உங்கள் கையில் இருக்கும்.

அப்படியானால் மோசமான நாளில் எவ்வளவு போகும்? பேக்கப்புக்கு 15 நிமிடம், அது காப்பி ஆக இன்னொரு 15 நிமிடம், ஆக அரை மணி நேரமும் அதற்கு மேல் ஃபைல் நகரும் நேரமும். மேலாளர் 15 நிமிடம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். நான் வழக்கமாக பேக்கப், காப்பி இரண்டையும் 5 நிமிடத்துக்குக் குறைத்துவிடுவேன். சின்னச் சின்ன ஃபைலாக நகர்வது லைனுக்கும் நல்லது. ஷேர் ஃபோல்டரை எங்கே வைப்பது என்று பலர் குழம்புவார்கள். ராணிப்பேட்டையிலேயே ஷேர் வைத்து நேராக அதில் பேக்கப் எழுதினால் காப்பி வேலை மிச்சம் என்று தோன்றும். லைன் அறுந்தால் பேக்கப்பே தோற்கும், லாக் காலியாகாமல் வளரும், முதன்மை சர்வரின் டிஸ்க் நிரம்பும். எதைக் காப்பாற்ற வந்தோமோ அதையே நிறுத்திவிடுவோம். சத்துவாச்சாரியிலேயே, டேட்டா இருக்கும் டிஸ்க் இல்லாத வேறு டிஸ்க்கில் எழுதி, அங்கிருந்து ராணிப்பேட்டை இழுத்துக்கொள்வதே சரி.

உங்கள் மென்பொருளுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. ஆபரேஷன்ஸ் மேனேஜர் தன் டேட்டாபேஸ்களை சிம்பிள் ரிகவரி மாடலில்தான் உருவாக்கும். அந்த மாடலில் லாக் பேக்கப்பே எடுக்க முடியாது, அதனால் லாக் ஷிப்பிங்கும் இல்லை. ஃபுல் மாடலுக்கு மாற்றி, மாற்றிய பிறகு ஒரு முழு பேக்கப் எடுத்தால்தான் சங்கிலி, அதாவது ஒன்றோடொன்று விடாமல் ஒட்டும் லாக் பேக்கப்புகளின் வரிசை, தொடங்கும். மாற்றிய அன்றிலிருந்து லாக் ஃபைலின் குணமே வேறு. பேக்கப் ஓடினால்தான் அது காலியாகும். இந்த மென்பொருள் நள்ளிரவில் பழைய தகவலைக் கழிக்கும், பின்னிரவு 2.30க்கு இண்டெக்ஸ்களைச் சீராக்கும். அந்த நேரத்தில் லாக் மற்ற நேரத்தைப் போல இருக்காது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நாளைக்கு 20 ஜிபி லாக் உருவாகிறது என்றால், 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் நொடிக்கு 2 மெகாபிட் கூட வராது, எந்த லைனும் தாங்கும். அதில் 6 ஜிபி பின்னிரவு அரை மணி நேரத்தில் வந்தால்? 10 மெகாபிட் லைனில் அதை அனுப்ப 80 நிமிடம் பிடிக்கும். தினமும் அந்த நேரத்தில் ராணிப்பேட்டை பின்தங்கும், மாற்றாமல் விட்டால் இருக்கும் 45 நிமிட எல்லையைத் தாண்டிவிட்டது என்று எச்சரிக்கை வரும். தினமும் வருகிற எச்சரிக்கையை ஒரு வாரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்களுடைய உண்மை அளவு வேண்டுமென்றால் ஃபுல் மாடலுக்கு மாற்றிவிட்டு ஒரு வாரம் லாக் பேக்கப்பை மட்டும் உள்ளூரில் ஓட்டி, ஃபைல் அளவுகளை மணிவாரியாகக் கூட்டிப் பாருங்கள். லைன் வாங்குவதோ ராணிப்பேட்டை டிஸ்க்கைப் பெரிதாக்குவதோ அதற்குப் பிறகுதான்.

இனி சங்கிலி அறுவதைப் பற்றி. லாக் ஷிப்பிங் கெட்டுப்போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். ஒரு தொழிற்சாலையில் காப்பி ஜாப் பச்சை, பேக்கப் ஜாப் பச்சை, ரீஸ்டோர் மட்டும் பல நாளாக நகரவில்லை. ஜாப் ஹிஸ்டரியைத் திறந்தால் 4305 என்ற பிழை எண். இந்த ஃபைல் தொடங்கும் எல்எஸ்என் (லாக்கில் ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள வரிசை எண்) இந்த டேட்டாபேஸுக்கு ரொம்பப் புதியது, இதற்கு முந்தைய ஒன்று வேண்டும் என்பது அதன் பொருள். முந்தையது எங்கே? இன்னொரு குழு வாங்கிப் போட்டிருந்த பேக்கப் மென்பொருள் இரவில் தானும் ஒரு லாக் பேக்கப் எடுத்து தன் டேப்பில் வைத்திருந்தது. அதற்குப் பிறகு வந்த ஃபைல் ஒன்றுகூட ஒட்டவில்லை. முழு பேக்கப் யார் எடுத்தாலும் சங்கிலி அறாது, இதை உறுதியாகச் சொல்கிறேன். லாக் பேக்கப்பை இரண்டு பேர் எடுத்தால் அறும். வேறு யாராவது எடுத்தே தீர வேண்டுமென்றால் காப்பி ஒன்லி (சங்கிலியைத் தொடாத நகல்) என்ற விருப்பத்தோடு எடுக்கச் சொல்லுங்கள். தொலைந்த ஃபைல் கிடைத்தால் அதைக் கையால் ரீஸ்டோர் செய்தாலே போதும், மீதி தானாக ஓடும். அங்கே அப்படித்தான் சரியானது.

லாக் பெரிதாகிவிட்டது என்று யாராவது சிம்பிளுக்கு மாற்றி, சுருக்கி, மறுபடி ஃபுல்லுக்கு மாற்றினாலும் சங்கிலி போய்விடும். அப்போது தொலைந்த ஃபைல் என்று ஒன்று இருக்காது. முதலிலிருந்து முழு பேக்கப்பை அனுப்ப வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 300 ஜிபி டேட்டாபேஸ் என்றால் ஹார்டு டிஸ்க்கை பஸ்ஸில் எடுத்துக்கொண்டு ராணிப்பேட்டை போவதுதான் வேகமான வழி. அதற்கு முன் இன்னொன்றை முயன்று பாருங்கள். முதன்மையில் ஒரு டிஃபரென்ஷியல் பேக்கப் (கடைசி முழு பேக்கப்புக்குப் பிறகு மாறியவை மட்டும்) எடுத்து, அதை ராணிப்பேட்டையில் நோரிகவரி நிலையில் (மேலும் லாக் ஏற்கும்படி டேட்டாபேஸைத் திறக்காமல்) ரீஸ்டோர் செய்தால் இடைவெளி அடைபடும், அதன் பிறகு எடுக்கும் லாக் ஃபைல்கள் தொடர்ந்து ஒட்டும். நிபந்தனை ஒன்று உண்டு. முதன்மையில் கடைசியாக எடுத்த முழு பேக்கப்பின் நேரத்தை ராணிப்பேட்டை ஏற்கெனவே தாண்டியிருக்க வேண்டும். தாண்டாமல் அதற்கு முன்பே நின்றிருந்தால் இது உதவாது.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று ஆயுத பூஜை. பல தொழிற்சாலைகளில் அன்று எல்லா இயந்திரத்தையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சர்வருக்கும் ஒரு மாலை போடுவார்கள். ராணிப்பேட்டையில் வெள்ளி மாலை 6 மணிக்கு அணைத்த சர்வரை செவ்வாய் காலை 9 மணிக்குப் போட்டால் இடையில் 87 மணி நேரம். லாக் ஷிப்பிங் தன் பழைய ஃபைல்களை 72 மணி நேரத்தில் அழிக்கும்படிதான் முதலில் அமைந்திருக்கும். மறுபக்கம் அதை எடுத்துக்கொண்டதா என்று கேட்டுவிட்டு அது அழிப்பதில்லை, வயதைப் பார்த்து அழிக்கும். செவ்வாய்க்கிழமை ராணிப்பேட்டை எழுந்திருக்கும்போது அதற்கு வேண்டிய முதல் ஃபைல்கள் சத்துவாச்சாரியில் இருக்காது. அந்த 72ஐ 168 ஆக்கிவிடுங்கள், அதாவது ஒரு வாரம். டிஸ்க் இடம் கொஞ்சம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

இப்போது மேலாளரின் கூற்றில் எனக்கு உடன்பாடு இல்லாத பகுதிக்கு வருகிறேன். லாக்கோடு போவது அந்த டேட்டாபேஸுக்குள் இருப்பவை மட்டும்தான். லாகின்கள் எஸ்க்யூஎல் சர்வரின் சொந்த மாஸ்டர் டேட்டாபேஸில் இருக்கின்றன, அவை போகாது. ஜாப்கள் எம்எஸ்டிபி என்ற இன்னொன்றில் இருக்கின்றன, அவையும் போகாது. எஸ்க்யூஎல் லாகினை ராணிப்பேட்டையில் அதே பெயரில், அதே பாஸ்வேர்டில் உருவாக்கினாலும் உள்ளே இருக்கும் எஸ்ஐடி (லாகினின் அடையாள எண்) வேறாக இருந்தால் டேட்டாபேஸ் அவரை யாரென்று கேட்கும். பழைய எஸ்ஐடியோடு உருவாக்க வேண்டும். விண்டோஸ் கணக்குகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் சர்வரில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். டேட்டாபேஸ் என்க்ரிப்ட் ஆகியிருந்தால் அந்தச் சான்றிதழும் அதன் கீயும் முன்பே ராணிப்பேட்டையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஃபைல்கூட ரீஸ்டோர் ஆகாது.

ஆபரேஷன்ஸ் மேனேஜருக்கு இன்னும் சில உண்டு. ரீஸ்டோர் ஆன டேட்டாபேஸில் சர்வீஸ் புரோக்கர் (டேட்டாபேஸுக்குள் செய்திகளை வரிசையில் அனுப்பும் வசதி) அணைந்திருக்கும், கையால் போட வேண்டும். புது சர்வரில் சிஎல்ஆர் (.நெட் நிரல்களை டேட்டாபேஸுக்குள் ஓட்டும் வசதி) அனுமதியை இயக்க வேண்டும். இந்த மென்பொருளின் சொந்தப் பிழைச் செய்திகள் மாஸ்டரில் பதிந்திருக்கும். அவை ராணிப்பேட்டையில் இல்லாவிட்டால் ஈவென்ட் லாகில் 18054 என்ற எண்ணில் பிழைகள் குவியும், உண்மையான பிழை என்னவென்று தெரியாது. பிறகு மேனேஜ்மென்ட் சர்வர் (ஆபரேஷன்ஸ் மேனேஜரை ஓட்டும் சர்வர்) ஒவ்வொன்றிலும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு இடத்தில் டேட்டாபேஸ் சர்வரின் பெயரை மாற்ற வேண்டும். கான்ஃபிக் சர்வீஸின் ஃபைலிலும் மாற்ற வேண்டும். டேட்டாபேஸுக்குள்ளேயே மேனேஜ்மென்ட் குரூப்புக்கான (ஒரே டேட்டாபேஸைப் பகிரும் மொத்த அமைப்பு) டேபிளில் பழைய சர்வர் பெயர் எழுதியிருக்கும், அதையும் மாற்ற வேண்டும். டேட்டா வேர்ஹவுஸுக்கும் (பழைய தகவலை நீண்ட நாள் வைக்கும் இன்னொரு டேட்டாபேஸ்) ரிப்போர்ட்டிங்குக்கும் தனியாக இதே போன்ற பட்டியல் உண்டு. உங்கள் பதிப்புக்கான சரியான வரிசையை மைக்ரோசாஃப்ட் ஆவணத்தில், டேட்டாபேஸை வேறு சர்வருக்கு நகர்த்துவது என்ற தலைப்பில் பாருங்கள். ஃபெயில்ஓவரும் (மாற்று சர்வருக்கு மாறுவதும்) கிட்டத்தட்ட அதே வேலைதான், அவசரத்தில் செய்வது மட்டும்தான் வித்தியாசம்.

இதையெல்லாம் செய்த பிறகும் கண்காணிப்பு ஓடாமல் போக ஒரு வழி இருக்கிறது. மேனேஜ்மென்ட் சர்வர்கள் ரிசோர்ஸ் பூல் என்ற குழுவாக வேலை செய்கின்றன. வாக்குரிமை உள்ளவர்களில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால்தான் குழு இயங்கும். சத்துவாச்சாரியில் இரண்டு, ராணிப்பேட்டையில் ஒன்று என்று வைத்தால், சத்துவாச்சாரி போன அன்று ராணிப்பேட்டையில் டேட்டாபேஸ் நன்றாக இருக்கும், மேனேஜ்மென்ட் சர்வரும் ஓடும், பூல் மட்டும் நின்றிருக்கும். டேட்டாபேஸையும் ஒரு வாக்காக எண்ணினால்கூட நான்கில் இரண்டுதான் வருகிறது, பாதியைத் தாண்டவில்லை. ராணிப்பேட்டையில் எத்தனை மேனேஜ்மென்ட் சர்வர் வைப்பது என்று முடிவெடுக்கும்போது இந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த லாக் ஷிப்பிங் நின்றுபோனால் யார் உங்களுக்குச் சொல்வார்கள்? எஸ்க்யூஎல் சர்வர் 14421 என்ற பிழையை எழுப்பும், ஈவென்ட் லாகில் எழுதும். அதைப் படித்து மெசேஜ் அனுப்புவது எது? உங்கள் கண்காணிப்பு மென்பொருள். சத்துவாச்சாரி விழுந்த நாளில் அதுவும்தானே விழுந்து கிடக்கும்! மற்ற டேட்டாபேஸுக்கும் கண்காணிப்பு டேட்டாபேஸுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். இதற்கு விலையுயர்ந்த தீர்வு தேவையில்லை. ராணிப்பேட்டையில் ஆபரேஷன்ஸ் மேனேஜருக்குத் தொடர்பே இல்லாத ஒரு சின்ன கம்ப்யூட்டர், சிம் கார்டு போட்ட ஒரு மோடம், ஒரு ஸ்கிரிப்ட். கடைசியாக ரீஸ்டோர் ஆன ஃபைல் 45 நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் இரண்டு பேர் போனுக்கு எஸ்எம்எஸ். தினமும் காலை 8 மணிக்கு, எல்லாம் சரியாக இருந்தாலும், நான் இருக்கிறேன் என்று ஒரு எஸ்எம்எஸ். 8.15 வரை அது வரவில்லை என்றால் அதுவே எச்சரிக்கை. லாக் ஷிப்பிங் அமைக்கும்போது மானிட்டர் சர்வர் எது என்று கேட்கும், அதை முதன்மையில் வைக்காதீர்கள். ஒருமுறை அமைத்துவிட்டால் லாக் ஷிப்பிங்கையே கழற்றிப் போடாமல் அதை மாற்ற முடியாது.

தானாக ஃபெயில்ஓவர் ஆகாதே, அது குறைதானே என்று கேட்பீர்கள். உங்கள் ஊர் நிலைமையில் நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் யாராவது பள்ளம் தோண்டினால் ஃபைபர் அறுவது உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். அப்படி அறும்போது ராணிப்பேட்டையிலிருந்து பார்த்தால் சத்துவாச்சாரி செத்துப்போன மாதிரியே தெரியும். உண்மையில் அங்கே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். இயந்திரம் தானாக முடிவெடுத்து ராணிப்பேட்டையை முதன்மை ஆக்கிவிட்டால், லைன் திரும்பும்போது இரண்டு முதன்மைகள் இருக்கும், இரண்டிலும் வெவ்வேறு தகவல் இருக்கும். அதைத் தைப்பது நரகம். ஒரு மனிதர் போன் போட்டு, "அண்ணா, சர்வர் அறையில லைட் எரியுதா?" என்று கேட்டுவிட்டு முடிவெடுப்பதே பாதுகாப்பு. யார் அந்த மனிதர், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார், எத்தனை நிமிடம் காத்திருந்துவிட்டு முடிவெடுப்பது என்பதை மேலாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிவெடுத்த பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை, பழைய முதன்மை தானாக எழுந்து வராதபடி அதைத் துண்டிப்பது. அது உயிரோடு இருந்தால் கடைசி லாக்கை நோரிகவரியோடு பேக்கப் எடுங்கள். அப்படி எடுத்தால் ஒரு நிமிடத் தகவல்கூடப் போகாது, பழைய டேட்டாபேஸும் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

ரீஸ்டோரை வேண்டுமென்றே தாமதப்படுத்தும் வசதியும் இதில் உண்டு. நான் அதை விரும்பிப் பயன்படுத்துகிறேன். காப்பி உடனே நடக்கும், ரீஸ்டோர் மட்டும் ஒரு மணி நேரம் கழித்து நடக்கும். ஃபைல் ஏற்கெனவே ராணிப்பேட்டையில் இருப்பதால் தகவல் இழப்பு கூடாது, எழுப்பும்போது மட்டும் அந்த ஒரு மணி நேர ஃபைல்களை ஓட்ட வேண்டும். இப்படி வைத்தால் மேலே சொன்ன 45 நிமிட எல்லையையும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏற்றாற்போல் கூட்டுங்கள். தாமதத்தின் பலன், யாராவது ஒரு முக்கியமான குரூப்பையோ டேபிளையோ தவறுதலாக அழித்துவிட்டால், அழிவதற்கு முந்தைய நிலை ராணிப்பேட்டையில் இன்னும் இருக்கும். கண்ணாடி போல உடனுக்குடன் நகலெடுக்கும் எந்த முறையும் தவறையும் உடனுக்குடன் நகலெடுத்துவிடும். ஆனாலும் இது பேக்கப்புக்கு மாற்று இல்லை. இரண்டு சர்வரும் ஒரே டொமைன் அட்மின் கணக்கின் கீழ் இருந்தால் ரான்சம்வேர் இரண்டையும் ஒரே இரவில் பூட்டிவிடும். வாரம் ஒருமுறையாவது லைனிலிருந்து கழற்றி வைக்கும் பேக்கப் ஒன்று தனியாக வேண்டும்.

சரி, உண்மையிலேயே எதைக் காப்பாற்றுகிறோம் என்று ஒருமுறை நிதானமாக யோசியுங்கள். ஆபரேஷன்ஸ் மேனேஜர் டேட்டாபேஸ் பெரும்பாலான தகவலை 7 நாள்தான் வைத்திருக்கும். வேர்ஹவுஸ் மணிவாரி, நாள்வாரிச் சுருக்கங்களை 400 நாள் வைத்திருக்கும். போன வாரத்து சிபியு அளவு போனால் யாரும் அழப்போவதில்லை. நீங்கள் வருடக்கணக்கில் செதுக்கிய மேனேஜ்மென்ட் பேக்குகளும் (எதை எப்படிக் கண்காணிப்பது என்ற விதித் தொகுப்புகள்) ஓவர்ரைடுகளும் (அவற்றில் நீங்கள் செய்த மாற்றங்கள்) போனால்தான் வலிக்கும். அவற்றை ஒரு ஸ்கிரிப்ட் வைத்துத் தினமும் ஃபைலாக எடுத்து இரண்டு இடத்தில் வைக்கலாம், சில எம்பிதான் வரும். தணிக்கைக்குப் பழைய ரிப்போர்ட் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்றால், ராணிப்பேட்டையில் தனியாக ஒரு சின்ன மேனேஜ்மென்ட் குரூப்பை வெறுமனே ஓட விட்டு, ஏஜென்ட்களை (கண்காணிக்கப்படும் சர்வர்களில் ஓடும் சின்ன நிரல்கள்) இரண்டு பக்கமும் பேசச் செய்வது லாக் ஷிப்பிங்கைவிட வேகமாக மீளும். கட்டாயம் இருந்தால் வேர்ஹவுஸுக்கு லாக் ஷிப்பிங் அவசியம். எந்தப் பக்கம் நீங்கள் என்பது உங்கள் தணிக்கையாளரைக் கேட்டால் தெரியும், நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆல்வேஸ் ஆன் குழு (டேட்டாபேஸை உடனுக்குடன் இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கும் எஸ்க்யூஎல் சர்வர் வசதி) போடலாமா என்றால், போடலாம், ஸ்டாண்டர்டு பதிப்பிலேயே ஒரு குழுவுக்கு ஒரு டேட்டாபேஸ் என்ற அளவில் 2016 பதிப்பு முதல் உண்டு. அதற்கு விண்டோஸ் கிளஸ்டர் தெரிந்த ஆள் வேண்டும். ஐடியில் இரண்டே பேர் இருக்கும் அலுவலகத்துக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ராணிப்பேட்டை போதுமான தூரமா? தீ, யுபிஎஸ் பழுது, கத்திரி வெயிலில் ஏசி நின்று சர்வர் அறை கொதிப்பது, இவற்றுக்கெல்லாம் போதும். வேலூரில் அடிக்கடி நடப்பவை இவைதான். பெருவெள்ளம் போன்ற ஒன்றுக்குப் போதாது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது வேலூர், ராணிப்பேட்டை இரண்டும் ஒரே நேரத்தில் அல்லாடின. ஆனால் உங்கள் தொழில் மென்பொருள்களின் மாற்று இடம் எங்கே இருக்கிறதோ, கண்காணிப்பின் மாற்று இடமும் அங்கே இருப்பதுதான் பொருள் உள்ளது. ஈஆர்பி பெங்களூருக்குப் போகும் என்றால் அதைக் கவனிப்பதும் பெங்களூருக்குப் போக வேண்டும். சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை இரண்டும் போன நாளில் அவற்றின் சுவிட்சுகளைக் கண்காணிக்க ஒரு சர்வர் எழுந்து நிற்பதால் யாருக்கு என்ன பயன்?

ஜாபிக்ஸும் (இன்னொரு கண்காணிப்பு மென்பொருள்) போஸ்ட்கிரஸும் (இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள்) வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்குச் சில வரிகள். ஜாபிக்ஸ் 6.0 முதல் சர்வருக்கு உள்ளமைந்த மாற்று ஏற்பாடு இருக்கிறது, ஆனால் எல்லா நோடுகளும் (அந்த ஏற்பாட்டில் உள்ள ஜாபிக்ஸ் சர்வர்கள்) ஒரே டேட்டாபேஸைத்தான் நம்பியிருக்கும். டேட்டாபேஸுக்கு நீங்கள்தான் வழி செய்ய வேண்டும். போஸ்ட்கிரஸில் ஆர்க்கைவ் கமாண்ட் வைத்து 16 எம்பி லாக் துண்டுகளை அனுப்பலாம். அந்தக் கமாண்ட் தோற்றுக்கொண்டே இருந்தால் துண்டுகள் முதன்மையிலேயே குவிந்து டிஸ்க் நிரம்பி சர்வர் நிற்கும். மேலே ஷேர் ஃபோல்டருக்குச் சொன்ன அதே ஆபத்துதான். இரண்டு பக்கமும் ஒரே பெரிய பதிப்பு இருக்க வேண்டும், டைம்ஸ்கேல் பயன்படுத்தினால் அந்த எக்ஸ்டென்ஷனும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஜாபிக்ஸ் பிராக்ஸிகள் (சர்வருக்காகத் தகவல் திரட்டும் இடைநிலை நிரல்கள்) சர்வர் இல்லாதபோது தகவலைத் தாங்களே சேர்த்து வைக்கும், மாற்றாமல் விட்டால் 1 மணி நேரம்தான். அதை 24 மணி நேரமாக்கினால், நீங்கள் நிதானமாக ஃபெயில்ஓவர் செய்து முடித்த பிறகு நடுவில் விட்டுப்போனது தானாக வந்து நிரம்பும். ஒரு வரி மாற்றம், இவ்வளவு பலன் தரும் வேறொன்றை நான் இதில் பார்த்ததில்லை.

கடைசியாக ஒத்திகை. செய்முறையைக் காகிதத்தில் அச்சடித்து ராணிப்பேட்டையில் வையுங்கள். பாஸ்வேர்டோடு சேர்த்து அதை சத்துவாச்சாரி ஃபைல் சர்வரில் மட்டும் வைப்பது சாவியை வீட்டுக்குள் போட்டுப் பூட்டுவது போலத்தான். உற்பத்தி நிற்கும் பொங்கல் விடுமுறை நல்ல நேரம். லாக் ஷிப்பிங் அமைத்தவர் ஒதுங்கி நின்று பார்க்கட்டும், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவர் செய்யட்டும். எங்கெல்லாம் அவர் நிமிர்ந்து பார்த்து "அடுத்து என்ன சார்?" என்கிறாரோ, அங்கெல்லாம் தாளில் ஒரு வரி குறைகிறது. திரும்பி சத்துவாச்சாரிக்கு வருவதையும் அதே ஒத்திகையில் செய்யுங்கள். போவதைவிடத் திரும்புவதில்தான் அதிக நேரம் பிடிக்கும், ஏனென்றால் எதிர்த்திசையில் லாக் ஷிப்பிங்கைப் புதிதாக அமைக்க வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரின் பதிப்பு இரண்டு பக்கமும் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. ராணிப்பேட்டையில் இருப்பது சத்துவாச்சாரியைவிடப் பழையதாக இருந்தால் ரீஸ்டோரே ஆகாது. புதியதாக இருந்தால் ஆகும், ஆனால் ஸ்டேண்ட்பை நிலையில் (லாக் வந்துகொண்டிருக்கும்போதே படிக்க மட்டும் திறந்திருப்பது) வைத்துப் படிக்க முடியாது, அங்கே ஒருமுறை எழுப்பிவிட்டால் திரும்பி வரவும் வழியில்லை. எக்ஸ்பிரஸ் பதிப்பு என்றால் ஜாப் ஓட்டும் எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட்டே கிடையாது. பதிப்பு, இரண்டு டேட்டாபேஸின் அளவு, லைன் வேகம், மேனேஜ்மென்ட் சர்வர்கள் எத்தனை எங்கே என்ற விவரங்களை எழுதுங்கள். இடைவெளிகளை எவ்வளவு வைக்கலாம், பூல் கணக்கு தேறுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.